முதலில் தோளில் கை போடுவது யார்?

ரூட் தல, சாதிக் கயிறு, மதவெறுப்பு வீடியோ… கல்லூரிப் பிள்ளைகளை இழுக்கும் கைகள் பல. கல்லூரியின் கை எங்கே?

கல்லூரி திறக்கும் வாரத்தில், காலை நேரப் புறநகர் ரயிலில் ஏறிப் பாருங்கள். திருத்தணியிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ சென்னைக்கு வரும் வண்டி. புதுச் சட்டையும் புதுப் பையுமாக ஒரு முதலாமாண்டு மாணவன் கதவோரம் ஒதுங்கி நிற்பான். அவன் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவன்தான். தன் வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்பதே அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு கூட்டம் ஏறும். "எந்த காலேஜ்? ஃபர்ஸ்ட் இயரா? இனிமே நம்ம பெட்டியிலதான் ஏறணும்" என்று ஒருவன் தோளில் கை போடுவான். இறங்கியதும் டீ வாங்கித் தருவான். பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்வான். எந்த வாத்தியார் எப்படி, ஃபீஸ் கட்ட எந்த ஜன்னல், உதவித்தொகைப் படிவத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவனே சொல்லித் தருவான். சென்னை மாணவர்கள் 'ரூட் தல', அதாவது அந்த வழித்தடத்து மாணவர் கூட்டத்தின் தலைவன், என்று சொல்வது இவனை அல்லது இவனுக்கு மேலே இருப்பவனை.

அந்த மாணவனின் பெயரைக் கல்லூரி தெரிந்துகொள்ள வாரக்கணக்கில் ஆகும். சில ஆசிரியர்களுக்குக் கடைசிவரை அவன் வெறும் பதிவு எண்தான். தலயின் கூட்டத்துக்கோ முதல் நாளே அவன் 'நம்ம ஆளு'. சில மாதங்கள் பெட்டியைத் தட்டிக் கானா பாடுவதோடு போகும். பிறகு ஒருநாள், எதிர் ரூட்டுக்காரன் நம் ஆளை அடித்துவிட்டான் என்று செய்தி வரும். அன்றைக்கு அவன் கையில் கல்லோ கத்தியோ கொடுக்கப்படும். மாட்டேன் என்றால் தனக்கென்று இருக்கும் ஒரே இடத்தையும் இழந்துவிடுவான்.

2019 ஜூலையில் அரும்பாக்கம் அருகே 29இ பஸ்ஸுக்குள் மாணவர்களைப் பட்டாக்கத்தியால் வெட்டியவர்களும் மாணவர்கள்தான். வெட்டியவர்கள், வெட்டுப்பட்டவர்கள் எல்லோரும் பச்சையப்பன் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். பகைக்குக் காரணம் ரூட். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரைப் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் தாக்கினார்கள். சில நாட்களில் அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கியது, பச்சையப்பன் கல்லூரி 1842-ல். ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் படிக்கவைத்து ஆளாக்கிய இரண்டு நிறுவனங்களின் பெயரும் இன்று அடிதடிச் செய்தியில்தான் அதிகம் அடிபடுகிறது.

மணிக்கட்டில் ஏறும் நிறம்

தெற்கே போனால் ரூட்டுக்குப் பதிலாகக் கயிறு. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி வட்டாரங்களில் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து இன்ன சாதி என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். கயிறு இல்லாதவனிடம் "எந்த ஊரு?" என்ற கேள்வி வரும். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாருடைய பைக்கில் யார் ஏறுவது என்பதெல்லாம் அந்த இரண்டு கேள்விகளிலேயே முடிவாகிவிடும்.

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியலின மாணவர் ஒருவரை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பிறகுதான் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி கேட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் தந்த 610 பக்க அறிக்கை, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்கச் சொன்னது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி வெளியே தெரியக் கூடாது என்றது. கயிறு பற்றிப் பள்ளிக்கல்வித் துறை 2019-லேயே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அது கிடப்புக்குப் போனது. அடுத்த நான்கு ஆண்டுகளில் நாங்குநேரி நடந்தது.

பள்ளியில் கயிறு கட்டிய கைதான் அடுத்த ஆண்டு கல்லூரி ஹாஸ்டல் கதவைத் தட்டுகிறது. சாதிச் சங்கத்தின் மாணவர் அணி, தலைவர் பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் முகம், ஜெயந்தி ஊர்வலத்துக்கு வேன், அரிவாளோடு நடந்துவரும் ரீல்ஸுக்கு ஆயிரக்கணக்கில் லைக் என்று எல்லாம் வரிசையாகக் கிடைக்கின்றன. படிப்பில் பின்தங்கி, ஆங்கிலத்தில் தடுமாறி, வேலை கிடைக்குமா என்ற பயத்தில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு, பிறந்ததாலேயே கிடைத்துவிட்ட 'கெத்து' எவ்வளவு பெரிய போதை!

மதத்தின் பெயரால்

சாதிக்குச் சொன்னது மதவெறிக்கும் பொருந்தும். 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோயில் முன்பு கார் வெடித்துச் சிதறியபோது உள்ளே இருந்து இறந்தவர் ஒரு பொறியியல் பட்டதாரி. அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகத்தின் பி.யூ. கல்லூரிகளில் ஹிஜாப் அணிந்த மாணவிகளுக்கு எதிராகக் காவித் துண்டு போட்ட மாணவர்கள் கூட்டமாகத் திரண்டார்கள். அதற்கு முன்பு அவர்கள் ஒரே வளாகத்தில் நடமாடியவர்கள். துண்டுகள் எப்படி ஒரே நாளில் எல்லோர் கைக்கும் வந்தன என்று கேட்டிருக்க வேண்டிய கல்லூரிகள், கேட்டைச் சாத்தி மாணவிகளை வெளியே நிறுத்தின. கர்நாடக உயர் நீதிமன்றம் மார்ச்சில் ஹிஜாப் தடையை உறுதிசெய்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு எழுதினார்கள். இதற்கிடையே பல மாணவிகளின் படிப்பு பாதியில் நின்றது.

ஒரு குண்டுவெடிப்பையும் ஒரு துண்டு ஊர்வலத்தையும் யாரும் ஒரே தட்டில் வைக்கப்போவதில்லை. ஆனால் ஆள் சேர்க்கும் முறையைப் பாருங்கள். தனியாக நிற்பவனைக் கண்டுபிடிப்பார்கள். அவனுடைய உண்மையான மனக்குறையைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். அந்தக் குறைக்கு ஒரு சமூகத்தைக் காரணமாகக் காட்டுவார்கள். பழைய நண்பர்களிடமிருந்து மெல்லப் பிரிப்பார்கள். கடைசியில் அவனிடம் ஒரு காரியம் கேட்பார்கள். ரூட்டிலும் கயிற்றிலும் மதத்திலும் இதே வரிசைதான். மனக்குறையைக் கேட்க வேறு யாராவது இருந்திருந்தால் இரண்டாம் படியிலேயே பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

போலீஸ் போதுமா?

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் நாம் செய்வது என்ன? வழக்கு, கைது, இடைநீக்கம், கேட்டில் போலீஸ். கொலைக்கும் வெட்டுக்கும் தண்டனை கட்டாயம் வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆனால் அதோடு வேலை முடிந்ததாக நினைத்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை சட்டக் கல்லூரி காட்டியது.

2008 நவம்பர் 12. தேவர் ஜெயந்திக்கு ஒட்டிய சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடுபட்டிருந்தது. அதிலிருந்து மூண்ட பகையில் மாணவர்கள் ஒருவரையொருவர் கட்டையாலும் கத்தியாலும் தாக்கிக்கொண்டதைத் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. போலீஸ் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு விசாரணை ஆணையம் அமைந்தது. 2018-ல் அந்தக் கல்லூரியையே இரண்டாகப் பிரித்து, புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். உயர் நீதிமன்றத்தின் பக்கத்திலேயே படித்து, வகுப்பு முடிந்ததும் கோர்ட் ஹாலில் போய் உட்கார்ந்து வாதம் கேட்கும் வாய்ப்பு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பறிபோனது. சாதி அப்படியே இருந்தது.

இதற்கு மாறான அனுபவமும் நமக்கு உண்டு. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன்.நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டபோது நாடே அதிர்ந்தது. 1997-ல் தமிழகம் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2009-ல் யு.ஜி.சி. நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. அந்த விதிகள் தண்டனையோடு நிற்கவில்லை. முதலாமாண்டு மாணவர்களுக்குத் தனி ஹாஸ்டல், இரவில் திடீர் சோதனை, மாணவரும் பெற்றோரும் தர வேண்டிய உறுதிமொழிப் பத்திரம், இருபத்து நான்கு மணி நேர உதவி எண், தடுக்கத் தவறினால் நிர்வாகத்துக்கே பொறுப்பு என அன்றாட ஏற்பாடுகளும் அவற்றில் இருந்தன. 'காலேஜுன்னா அப்படித்தான் இருக்கும்' என்று பெரியவர்களே சிரித்துக் கடந்த ஒரு வழக்கம் இன்று வெளிப்படையாகத் தலைகாட்டத் தயங்குகிறது. முற்றாக ஒழியவில்லைதான். ஆனால் நிர்வாகம் மனம் வைத்தால் ஒரு கல்லூரியின் பழக்கம் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உளவு பார்த்தால் உதவுமா?

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2015-ல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், மாணவர்கள் தீவிரவாதத்துக்கு இழுக்கப்படாமல் தடுக்கும் கடமையைப் பல்கலைக்கழகங்கள் மீதே சுமத்தியது. 'பிரிவென்ட்' என்ற அந்தத் திட்டத்தின்படி, சந்தேகம் எழுந்தால் ஆசிரியர் தகவல் தர வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் அடையாளத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் அங்கே அதற்கு முன்பே இருந்தது. 2008-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், தன் ஆய்வுக்காக அல்கொய்தா பற்றிய ஆவணம் ஒன்றைப் பதிவிறக்கிய முஸ்லிம் மாணவரைப் போலீஸ் கைதுசெய்து பல நாட்கள் காவலில் வைத்தது. வழக்கு ஏதும் பதியாமலே விடுவித்தது. பிறகு இழப்பீடும் கொடுத்தது. இப்படி நடந்தால் வகுப்பில் யார் வாய் திறந்து சந்தேகம் கேட்பார்கள்? அசட்டுத்தனமான கேள்வியும் கோபமான கேள்வியும் வகுப்பறையில் வந்தால் ஆசிரியர் பதில் சொல்வார். அங்கே கேட்க முடியாத கேள்வி டெலிகிராம் குழுவுக்குப் போகும்.

2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் சென்ற விமானத்தைத் தகர்க்க முயன்ற நைஜீரிய இளைஞர், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தவர், அங்கே மாணவர் இஸ்லாமிய சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். கல்லூரி அமைத்த விசாரணைக் குழு, அவர் அங்கே தீவிரவாதியாக மாறியதற்கு ஆதாரம் இல்லை என்றது. லண்டனில் சேருமுன்பே இணையத்தில் அவர் எழுதியவை பின்னாளில் பத்திரிகைகளில் வெளிவந்தன. தனக்குப் பேச ஆளில்லை, தனிமை வாட்டுகிறது என்று அவற்றில் எழுதியிருந்தார். தனிமையில் வாடுபவர் எல்லோரும் குண்டு கட்டிக்கொள்வதில்லை. ஆனால் ஆள் பிடிப்பவர்கள் தேடுவது அப்படிப்பட்டவர்களைத்தான்.

ஒதுக்கப்பட்டவர் பக்கம்

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். 'எல்லோரும் ஒற்றுமையாக இருங்கள்' என்று பொதுவாகச் சொல்வது, அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவதாக ஆகிவிடக் கூடாது. தீவிரவாதக் கூட்டத்தில் சேரும் மாணவனைப் பற்றிக் கவலைப்படும் நாம், அப்படிப்பட்ட எந்தக் கூட்டத்திலும் சேராமல், ஒதுக்கப்பட்டே செத்துப்போன மாணவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2008-ல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் நம் சேலம் மாவட்டத்துப் பிள்ளை. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கப் போனவருக்கு வழிகாட்டிப் பேராசிரியரே ஒதுக்கப்படவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தார். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி இன மருத்துவர் பாயல் தட்வி இறந்தார். இந்த இருவரின் தாய்மார்களும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவும், பாகுபாடு குறித்த புகாரை விசாரிக்க ஓர் அலுவலரும் வேண்டும் என்று யு.ஜி.சி. 2012-லேயே விதி போட்டிருந்தது; அது காகிதத்தில்தான் இருக்கிறது என்பது அவர்களின் முறையீடு. 2026 ஜனவரியில் யு.ஜி.சி. புதிய விதிகளை அறிவித்தது. பொதுப்பிரிவு மாணவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, தவறாகப் பயன்படுத்தலாம் என்று எதிர்ப்பு எழுந்தது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், பழைய விதிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. உங்கள் ஊர்க் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று எந்த மாணவரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

புறக்கணிப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்த தோராட் குழு, பட்டியலின, பழங்குடி மாணவர்கள் குறிப்பிட்ட ஹாஸ்டல்களின் மேல்தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததை 2007-ல் பதிவுசெய்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் மெஸ் ஒன்றில் 2018 டிசம்பரில் சைவம், அசைவம் சாப்பிடுவோருக்குத் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டி, கண்டனம் வந்ததும் கிழித்தார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் 2023-ல் சைவ மேஜையைத் தனியாக ஒதுக்கியதை எதிர்த்து அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட முடியாதவனிடம் எந்தக் கல்லூரிக் கீதம் ஒற்றுமையை வளர்க்கும்?

என்ன செய்யலாம்?

உயர்கல்வி சேர்க்கையில் தமிழ்நாட்டின் விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47 சதவிகிதம்; நாட்டின் சராசரி 28.4. முதல் பட்டதாரி சலுகை, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் என்று பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவர அரசு பாடுபட்டிருக்கிறது. நலத்துறை விடுதிகள் 2,739-க்கும் 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் வைத்திருக்கிறது. இவையெல்லாம் பெருமைதான். வாசலுக்கு உள்ளே நடக்க வேண்டிய வேலைதான் பாக்கி.

முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். புதிய மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி தர யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. இரண்டுமே சொல்லியிருக்கின்றன. பல கல்லூரிகளில் அது பிரமுகர்களின் உரை, குத்துவிளக்கு, குரூப் போட்டோவோடு முடிந்துபோகிறது. அதற்குப் பதில் பதினைந்து இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், இரண்டு சீனியர்கள் என்று குழு பிரிக்கலாம். ஊர், சாதி, பயிற்றுமொழி கலந்த குழுக்களாக அவை இருக்க வேண்டும். ரூட் தல செய்கிற அத்தனை உதவியையும் இந்தச் சீனியர்கள் செய்யட்டும். அதற்குச் சான்றிதழும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் கொடுங்கள். பழைய ரூட் தலகளிலேயே பலர் இதற்குப் பொருத்தமானவர்கள். கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள், பேரைச் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள்.

அடுத்தது மதிய நேரம். பல அரசு கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் மாணவனை மதியமே வெளியே அனுப்பிவிடுகிறோம். வீட்டில் யாரும் இல்லை, கையில் காசும் இல்லை. ரயில் நிலையமும் டீக்கடையும் மொபைலும்தான் கதி. நூலகம், மைதானம், ஒரு நாடக அறை, போட்டித் தேர்வு வகுப்பு என்று மாலைவரை வளாகத்தில் அவனுக்கென்று ஓர் இடம் இருந்தால், தெருவில் ஆள் பிடிக்கும் கூட்டத்துக்கு வேலை குறையும்.

ஹாஸ்டல் அறை ஒதுக்கீடு குலுக்கலில் நடக்க வேண்டும். 'எங்க ஊர்ப் பசங்களோட போடுங்க' என்ற சிபாரிசை வார்டன் ஏற்கக் கூடாது. புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே வரக் கூடாது. புகாரை விசாரிக்கும் குழுவில் கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்குச் சாய்தளமும் திருநங்கைக்குப் பாதுகாப்பான கழிவறையும் இதே கணக்கில் வரும். உதவித்தொகை செமஸ்டர் முடியுமுன் கைக்கு வர வேண்டும். வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டியவனிடம் முதலில் பணத்தை நீட்டுவது பெரும்பாலும் ஏதோ ஒரு சங்கம்தான்.

ஆசிரியர்களைப் பற்றியும் பேச வேண்டும். அரசுக் கல்லூரிகள் பலவும் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில்தான் நிற்கின்றன. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்றே தெரியாத ஒருவர், கயிறு கட்டிய மாணவனைக் கூப்பிட்டுக் கண்டிப்பாரா? நிரந்தர ஆசிரியர் நியமனமும் மாணவர் பாதுகாப்பும் ஒரே விஷயம். சாதிப் பெருமையை வகுப்பிலேயே பேசும் ஆசிரியரையும் நாம் பார்த்திருக்கிறோம். அவரை இடமாற்றம் செய்வதோடு நிறுத்தாமல் துறை நடவடிக்கைக்கு உள்ளாக்க வேண்டும்.

அரசியல் பேசும் மாணவனைக் கண்டு பயப்படுவதையும் நிறுத்த வேண்டும். 2015-ல் சென்னை ஐ.ஐ.டி. அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்து, எதிர்ப்பு வலுத்ததும் திருப்பிக் கொடுத்தது. துண்டறிக்கை அடித்து, கூட்டம் போட்டு, தன் பெயரைச் சொல்லி வாதாடும் மாணவனால் யாருக்கும் ஆபத்தில்லை. வாதாட மேடை இல்லாத வளாகத்தில்தான் ரகசியக் குழுக்கள் வளரும். மாணவர் பேரவைத் தேர்தலை ஒழுங்காக நடத்துங்கள். பணமும் சாதியும் உள்ளே வராமல் கண்காணியுங்கள். தோற்றவன் மறுநாள் ஜெயித்தவனோடு வகுப்பில் உட்காரக் கற்பது பெரிய படிப்பு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கையில் புதுக் கயிறு ஏறினால், பேச்சில் ஒரு சாதியோ மதமோ மட்டும் 'அவனுங்க' ஆனால், பழைய நண்பர்கள் வீட்டுப் பக்கம் வருவது நின்றால், உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கயிற்றைக் கட்டியது நம் வீட்டுப் பெரியவர்களாகவே இருந்தால், முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

கல்லூரிகளைத் தேர்ச்சி விகிதத்தாலும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையாலும் அளக்கும் அரசு, இனி ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் முதல்வர்களிடம் வேறொரு கணக்கையும் கேட்கட்டும். எத்தனை பேர் படிப்பை நிறுத்தினார்கள், ஏன்? பாகுபாட்டுப் புகார் எத்தனை வந்தது, எத்தனை நாளில் முடிந்தது? ஒவ்வொரு முதலாமாண்டு மாணவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியராவது இருக்கிறாரா? இந்தப் பதில்களை ஊர் பார்க்க வெளியிடட்டும். நம் பிள்ளைகளை வெறுப்புக்குப் பறிகொடுத்த பிறகு எஃப்.ஐ.ஆர். எழுதும் வேலையைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். பறிகொடுக்காமல் இருப்பது கல்லூரியின் வேலை. அதற்கு ஆளும் பணமும் தருவது அரசின் கடமை.